காது கேளாத குழந்தைக்கு மரபணு சிகிச்சை பொருந்துமா: பெற்றோர் கண்டறியும் முறை

கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “இந்த ஊசியை எங்கே போடுகிறார்கள்?” என்று கேட்கும் பெற்றோர் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டனர். செவித்திறன் பரிசோதனை அறையில் வேலை செய்யும் எனக்கு அந்தக் காணொளிகள் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காத குழந்தைகள், காதுக்குள் ஒரே ஒரு முறை செலுத்தப்பட்ட மருந்தால், சில வாரங்களில் தாயின் குரலுக்குத் திரும்பிப் பார்த்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகள் அனைவருக்கும் பழுதாகியிருந்தது ஒரே மரபணு. அதன் பெயர் ஓடிஓஎஃப். காது கேளாமையோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் இருக்க, இதுவரை வெளியான ஆய்வு முடிவுகள் தெளிவான பலனைக் காட்டியிருப்பது இந்த ஒன்றில்தான். மரபணுக் கோளாறால் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் எட்டுப் பேர் வரை இந்த வகையைச் சேர்ந்தவர்கள் எனக் கணக்கிடப்படுகிறது. உங்கள் குழந்தை அந்தச் சிலரில் ஒருவரா என்பதை எப்படிக் கண்டறிவது, ஆம் என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் காலத்தை வீணாக்காமல் எந்தப் பக்கம் திரும்புவது என்பவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காதுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் பரிசோதனைத் தாள்களில் உள்ள எதுவும் புரியாது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்புக்குள் மயிரிழைச் செல்கள் இரு வகையாக உள்ளன. வெளிவரிசையில் சுமார் 12,000 செல்கள் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500 செல்கள் அந்த ஒலியை நரம்புக்குக் கைமாற்றுகின்றன. கைமாற்றும் வேலை ஒரு வேதிப்பொருளால் நடக்கிறது. உள்வரிசைச் செல்லின் அடிப்பகுதியில் அந்த வேதிப்பொருள் சிறு பைகளில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். ஒலி வந்ததும் செல்லுக்குள் கால்சியம் பாயும். அதை உணர்ந்து பைகளை நரம்பின் பக்கம் திறந்துவிடும் புரதத்தின் பெயர் ஓட்டோஃபெர்லின். அதைத் தயாரிக்கும் குறிப்பே ஓடிஓஎஃப் மரபணு. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கிறிஸ்டீன் பெத்தி தலைமையிலான குழு 1999ஆம் ஆண்டு இதை அடையாளம் கண்டது. ஓட்டோஃபெர்லின் இல்லாத காதில் சமையல் முடிந்திருக்கிறது, பந்தியில் இலையும் விரித்தாயிற்று, பரிமாறத்தான் ஆளில்லை. செல்கள் உயிரோடு இருக்கின்றன, நரம்பும் நன்றாக இருக்கிறது, இடையில் ஒரு கை மட்டும் குறைகிறது. மற்ற மரபணுக்களை முந்திக்கொண்டு இது சிகிச்சைக்கு வசப்பட்டதற்கு முதற்காரணம் இதுதான். செல்களே அழிந்துபோன காதில் புதிய மரபணுவை வாங்கிக்கொள்ள ஆளே இருக்காது.

பழுதில்லாத மரபணுவை உள்ளே கொண்டுசெல்லும் வாகனம், நோய் உண்டாக்காத ஒரு சிறு வைரஸின் கூடு. ஏஏவி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் ஐயாயிரம் எழுத்துகளுக்குக் குறைவாகவே ஏற்ற முடியும். ஓடிஓஎஃப் குறிப்போ ஏறக்குறைய ஆறாயிரம் எழுத்துகள் நீளம் கொண்டது. ஒரே லாரியில் ஏறாத தேக்கு பீரோவை இரண்டாகக் கழற்றி, இரண்டு வண்டிகளில் அனுப்பி, போய்ச் சேர்ந்த வீட்டில் மறுபடி பூட்டுவதைப் போல, மரபணுவை இரு பாதிகளாக வெட்டி இரண்டு வைரஸ் கூடுகளில் அனுப்புகிறார்கள். இரண்டும் ஒரே செல்லுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் முழுப் புரதம் உருவாகும்.

இரண்டு பரிசோதனைகளும் வேண்டும்

குழந்தை பிறந்த மருத்துவமனையில் பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது ஓஏஇ பரிசோதனை. காதில் ஒரு சிறு முனையைச் செருகினால், வெளிவரிசைச் செல்கள் எழுப்பும் மெல்லிய எதிரொலியைக் கருவி பதிவு செய்துகொள்ளும். ஓடிஓஎஃப் குழந்தைகளிடம் இந்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும். பழுது உள்வரிசைச் செல்லின் அடியில் இருக்க, வெளிவரிசைச் செல்கள் நன்றாகவே இயங்குவதால், முடிவு ‘பாஸ்’ என்று வரும். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டதை வைத்துப் பந்தி நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது.

எங்களிடம் ஒன்றே முக்கால் வயதில் அழைத்துவரப்பட்ட ஒரு பெண் குழந்தையின் தாய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். இரண்டு காதுக்கும் ‘பாஸ்’ என்று அதில் பச்சை எழுத்தில் இருந்தது. “பாஸ்னுதானே மேடம் குடுத்தாங்க, அதனாலதான் லேட்டா பேசுவான்னு விட்டுட்டோம்” என்றார். அந்தத் தாளில் தவறேதும் இல்லை. அதோடு செய்திருக்க வேண்டிய இன்னொரு பரிசோதனையை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்குப் போனது ஒன்றரை ஆண்டு.

அந்த இன்னொரு பரிசோதனை பெரா. ஏபிஆர் என்றும் எழுதுவார்கள். குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் பசை தடவிச் சிறு தகடுகளை ஒட்டி, காதில் டக் டக் என்று ஒலி கொடுத்து, நரம்பு வழியே மூளைத்தண்டு வரை செல்லும் மின்அலைகளைப் பதிவு செய்கிறார்கள். கேட்கும் குழந்தைக்கு ஐந்து மேடுகள் தெரியும். ஓட்டோஃபெர்லின் இல்லாத குழந்தைக்கு 90 டெசிபல் கொடுத்தாலும் கோடு சமமாகவே ஓடும். ஆகவே ‘ஓஏஇ இருக்கிறது, பெராவில் அலை இல்லை’ என்ற சேர்க்கைதான் நீங்கள் தேட வேண்டிய முதல் அடையாளம். இதற்குச் செவி நரம்புப் பாதை இயக்கக் கோளாறு என்று பொதுப்பெயர். அறிக்கைகளில் ஏஎன்எஸ்டி என்று இருக்கும். வயது ஏற ஏற ஓஏஇ மறைந்துவிடுவதும் உண்டு. எனவே மூன்று வயதில் முதன்முறையாகப் பரிசோதித்து ‘ஓஏஇ இல்லை’ என்று வந்தால், அதை வைத்து மட்டும் ஓடிஓஎஃப் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பெரா செய்தபோது ஒலி அலையின் முனைவை (போலாரிட்டியை) மாற்றிக் கொடுத்துக் காக்ளியர் மைக்ரோஃபோனிக் அலை இருக்கிறதா என்று பார்த்தார்களா எனப் பரிசோதகரிடம் கேளுங்கள். அது இருந்தால் மயிரிழைச் செல்கள் இன்னும் உயிர்ப்போடு இருப்பதற்கு மற்றொரு சான்று கிடைக்கும்.

ஏஎன்எஸ்டி என்று வந்த உடனே மரபணுவைக் குற்றம் சாட்டிவிடவும் கூடாது. பிறந்த சில நாள்களில் மஞ்சள் காமாலை கடுமையாக ஏறி, ரத்தம் மாற்றும் அளவுக்குப் போன குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்த குழந்தைகளுக்கும் இதே சேர்க்கை வரும். செவி நரம்பே வளராமலோ மெலிந்தோ இருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதை எம்ஆர்ஐ சொல்லிவிடும். எனவே பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, காமாலை அளவும் பிறப்பு எடையும் எழுதப்பட்ட பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாறாக, நிறைமாதத்தில் சிக்கலின்றிப் பிறந்து, காமாலை ஒன்றும் பெரிதாக இல்லாமல், நரம்பும் நன்றாக இருந்து, பெரா மட்டும் சமமாக ஓடினால், ஓடிஓஎஃப் மீதான சந்தேகம் வலுக்கிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் காது கேட்காமல் போய், காய்ச்சல் இறங்கியதும் திரும்பக் கேட்கிற குழந்தைகளும் அரிதாக உண்டு. இதே மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் புரதத்தை வெப்பத்துக்குத் தாங்காததாக ஆக்கிவிடுகின்றன. வீட்டில் அப்படிக் கவனித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பரிசோதனை அறையில் அதை எங்களால் பார்க்க முடியாது.

மரபணுப் பரிசோதனையும் அதன் அறிக்கையும்

இதற்கு ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்கும் சிறிதளவு ரத்தம் போதும். காது கேளாமைக்கான மரபணுக்களை மட்டும் தொகுத்துப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. எக்ஸோம் என்ற விரிவான பரிசோதனையும் உண்டு. எதைச் செய்வது என்பதை மரபணு ஆலோசகரோ மருத்துவ மரபியல் நிபுணரோ சொல்லட்டும். ஆய்வகத்துக்கு நேரடியாகப் போய்ப் பணம் கட்டி, பத்துப் பக்க அறிக்கையை வாங்கிக்கொண்டு, அதை விளக்க ஆளில்லாமல் அலைந்த குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆலோசகரைப் பார்த்துவிட்டு ரத்தம் கொடுப்பதே முறை.

ஆலோசகர் முதலில் ஒரு குடும்ப மரம் வரைவார். நம் பக்கத்தில் தாய்மாமன் திருமணமும் அத்தை மகன், மாமன் மகள் திருமணமும் வழக்கமாதலால் இந்தக் கேள்வி சிலருக்குக் குத்தலாகப் படலாம். ஓடிஓஎஃப் காது கேளாமை ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுவது. தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்குக் காது கேட்காது, பெற்றோர் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். உறவுக்குள் மணம் செய்யும்போது ஒரே பாட்டனார் வழியாக வந்த ஒரே பழுது இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. ஜம்முவின் தோடா மாவட்டத்தில் தட்காய் என்ற மலைக்கிராமத்தில் தலைமுறைகளாகப் பலருக்குக் காது கேளாமல் இருப்பதற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் கண்டது ஓடிஓஎஃப் பழுதைத்தான். ஊருக்குள்ளேயே நிகழும் திருமணங்கள் அதைப் பெருக்கியிருக்கின்றன. எனவே அந்தக் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். அதில் யாருடைய குற்றமும் இல்லை, மருமகளுடைய குற்றம் நிச்சயமாக இல்லை.

அறிக்கை வந்ததும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது மரபணுவின் பெயர். நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவது ஜிஜேபி2 என்ற மரபணு. காக்ளியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்திச் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட் அதற்கு நன்றாகப் பலன் தருகிறது. ஆனால் ஓடிஓஎஃப்புக்கான மருந்து அதற்கு எந்த விதத்திலும் உதவாது. இரண்டாவது, கண்டறியப்பட்ட மாற்றத்தின் வகை. ‘நோய் உண்டாக்குவது’, ‘நோய் உண்டாக்கக்கூடியது’, ‘பொருள் உறுதியாகாதது’ என்று வகைப்படுத்தியிருப்பார்கள். மூன்றாவது வகையை வியூஎஸ் அல்லது வஸ் என்று பேச்சில் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அதே மாற்றம் வேறு வகைக்கு மாற்றப்படலாம் என்பதால் மறு ஆய்வு கேட்டு ஆய்வகத்துக்கு எழுதலாம். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பழுது இரு பிரதிகளிலும் இருக்கிறதா என்பது. ஒரே மாற்றம் இரு பிரதிகளிலும் இருந்தால் சிக்கலில்லை. இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் காணப்பட்டால், ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவையா, இரண்டும் ஒரே பிரதியில் அமர்ந்திருப்பவையா என்பது பெற்றோரின் ரத்தத்தையும் சோதித்தால்தான் தெரியும். இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் மறு பிரதி நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்போது காது கேளாமைக்கான காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். பெற்றோர் பரிசோதனை இல்லாமல் வரும் அறிக்கையை மருத்துவ ஆய்வு நடத்தும் மையங்கள் ஏற்காமல் போகலாம்.

ஓடிஓஎஃப் என்று உறுதியானால்

வெளியான முடிவுகளை அப்படியே தருகிறேன், ஏனெனில் எதிர்பார்ப்பை அவற்றின் அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகத்தின் கண், காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில் ஷு யீலாய் தலைமையில், பாஸ்டன் நகர ஆய்வாளர் செங்-யி சென்னுடன் இணைந்து நடந்த ஆய்வில், முதல் குழந்தைக்கு 2022 டிசம்பரில் மருந்து செலுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி ஆறு குழந்தைகளில் ஐவருக்குக் கேட்கும் திறன் வந்தது; ஒரு குழந்தைக்கு வரவில்லை. அதே ஆண்டு இரு காதுகளிலும் செலுத்தப்பட்ட ஐந்து குழந்தைகளின் முடிவும் வெளியானது. ரீஜெனரான் நிறுவனத்தின் டிபி-ஓட்டோ மருந்துக்கான ஆய்வில் 12 பேரில் 9 பேருக்கு 24ஆம் வாரத்தில் 70 டெசிபலிலோ அதைவிட மெல்லிய ஒலியிலோ கேட்டது. அவர்களில் மூவருக்கு இயல்பான அளவுக்கே கேட்டது. சீனாவின் ஐந்து மருத்துவமனைகளில் 10 பேரிடம் நடந்து 2025இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தை முதல் இருபதைக் கடந்த இளைஞர் வரை இருந்தனர். சராசரிக் கேட்கும் அளவு 106 டெசிபலிலிருந்து ஆறு மாதத்தில் 52 டெசிபலுக்கு வந்தது. ஐந்து முதல் எட்டு வயது வரையிலானவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது.

இந்த 52 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டெசிபல் எண் குறையக் குறையக் கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது என்று பொருள். 106 என்பது பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் ஏதோ அதிர்வாக மட்டும் படும் நிலை. 52 என்றால் எதிரே அமர்ந்து பேசுபவரின் குரல் கேட்கும். பக்கத்து அறையிலிருந்து மெல்லக் கூப்பிட்டால் கேட்காது, வகுப்பறையின் கடைசி வரிசையில் பாடம் பிடிபடாது. அது மாபெரும் மாற்றம்தான். ஆயினும் பலருக்கு அதன் பிறகும் காது மெஷின் தேவைப்படும். ‘குணமாகிவிட்டது’ என்று தலைப்பிடும் செய்திகள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

ஆய்வுகளைத் தேட, அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும், இந்தியாவின் சிடிஆர்ஐ பதிவேட்டிலும் ‘ஓட்டோஃபெர்லின்’ (otoferlin) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் நாடு, வயது வரம்பு, ஆள்சேர்ப்பு நடக்கிறதா இல்லையா, தொடர்பு முகவரி எல்லாம் அங்கே இருக்கும். ரீஜெனரான் தவிர, எலி லில்லியின் கிளை நிறுவனமான அகூஸ், பிரான்சின் சென்சோரியன் ஆகியவையும் இதே மரபணுவுக்கு ஆய்வுகளைத் தொடங்கின. நீங்களே எழுதுவதைவிட உங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர் பெரா, ஓஏஇ, எம்ஆர்ஐ, மரபணு அறிக்கை நான்கையும் இணைத்து எழுதினால் பதில் விரைவாக வரும். மருந்து செலுத்த வேண்டிய காதில் ஏற்கெனவே இம்பிளான்ட் வைத்திருந்தாலோ, ஏஏவி வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் மிகுதியாக இருந்தாலோ பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்காகக் குடும்பத்திடம் பணம் வாங்குவதில்லை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘ஸ்டெம் செல் போட்டுக் காது நரம்பை வளர்க்கிறோம்’ என்று லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் இப்போது விளம்பரத்தில் ‘மரபணு’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். காது கேளாமைக்கு ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதன்று. குழந்தையின் மரபணு அறிக்கையைக் கேட்காமலேயே ‘மரபணு சிகிச்சை’ தருகிறேன் என்பவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கத் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

மருந்து செலுத்தும் முறை இம்பிளான்ட் அறுவை சிகிச்சையைப் பெரிதும் ஒத்தது. முழு மயக்கத்தில், காதுக்குப் பின்னாலோ காதுத் துளை வழியாகவோ நடுச்செவிக்குச் சென்று, காக்ளியாவின் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வின் வழியே மிகச் சிறிதளவு திரவத்தை மெதுவாகச் செலுத்துகிறார்கள். உள்ளிருக்கும் நீர் வெளியேற வேறோர் இடத்தில் நுண்ணிய துளை இடுவதும் உண்டு. தலைசுற்றல், வாந்தி, சில நாள் தள்ளாட்டம், ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு தற்காலிகமாகக் குறைவது போன்றவை பதிவாகியுள்ளன, பெரும்பாலானவை லேசானவை. ஸ்டீராய்டு மருந்தும் உடன் தரப்படும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், ஒரு காதில் செலுத்துகிறார்களா இரண்டிலுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு முறை செலுத்தியதும் உடல் அந்த வைரஸ் கூட்டுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். பிறகு அதே மருந்தை மறு காதில் செலுத்துவதும், பலன் தேய்ந்தால் மீண்டும் செலுத்துவதும் எளிதாக இருக்காது. பலன் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டால், முதல் குழந்தைக்கு மருந்து கிடைத்ததே 2022 கடைசியில்தான் என்பதை நினைவில் வைத்துப் பதிலை எடைபோடுங்கள்.

காத்திருப்பதா, இம்பிளான்ட் வைப்பதா

என் அனுபவத்தில் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். இம்பிளான்ட் வைத்த காதில் பின்னாளில் மரபணு சிகிச்சைக்கான வாய்ப்பு குறையும் என்று கேள்விப்பட்டு, ‘மருந்து வரும் வரை பொறுப்போம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். மூளை பேச்சொலிகளைப் பழகிக்கொள்ளும் மிக வளமான காலம் முதல் மூன்று ஆண்டுகள். முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்று உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு அதற்காகத்தான். ஓடிஓஎஃப் குழந்தைகளுக்குச் செவி நரம்பு நன்றாக இருப்பதால் இம்பிளான்ட் மிக நல்ல பலனைத் தருகிறது என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. இம்பிளான்ட்டில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் 3,500 செல்களின் வேலையைப் பார்க்கின்றன. இசை முழுமையாகப் படாது, சந்தை இரைச்சலில் பேச்சைப் பிரிப்பது கடினம், குளிக்கவும் தூங்கவும் வெளிக்கருவியைக் கழற்றினால் மறுபடி நிசப்தம். மரபணு சிகிச்சை நன்றாகப் பலித்த காதுக்கு இந்தக் குறைகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கைக்கு எட்டாத ஒன்றுக்காகக் குழந்தையின் இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளைக் கொடுக்க முடியாது.

ஆய்வு மையம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு, பரிசோதனைத் தேதியும் குறித்துக் கொடுத்திருந்தால், சில மாதம் பொறுப்பதில் பொருள் உண்டு. அப்படி ஒன்றும் கையில் இல்லையென்றால், ஒரு காதிலாவது இம்பிளான்ட் வைத்துவிட்டு மறு காதைப் பிற்காலத்துக்கு விட்டுவைப்பது பற்றி அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். சில குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் நடுவழி அது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் சிறு குழந்தைகளுக்கு இம்பிளான்ட் கிடைக்கிறது. இரண்டிலும் வயது வரம்பு உண்டு, அந்தக் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்காது. இடைப்பட்ட காலத்தில் சைகை மொழியைத் தொடங்கத் தயங்காதீர்கள். கை பேசினால் வாய் பேசாமல் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது. குழந்தைக்கு ஏதேனும் ஒரு மொழி உடனே வேண்டும்.

காது கேட்கத் தொடங்கிய பிறகு

கேட்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஐந்து வயதில் முதன்முதலாக ஒலி கேட்கும் குழந்தைக்கு ‘அம்மா’ என்ற சொல்லும் மிக்ஸி சத்தமும் ஒன்றே. இம்பிளான்ட் வைத்த குழந்தைக்குத் தரும் அதே செவிவழிப் பேச்சுப் பயிற்சி மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைக்கும் தேவை. வீட்டில் நாள்தோறும் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, விசிறும் மூச்சுக்காற்று படாமல், ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளையும் இடையில் வெவ்வேறு நேரம் இடைவெளி விட்டு, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கேட்டதும் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போடும்படி குழந்தையைப் பழக்குங்கள். ‘ஊ’வும் ‘ம்’மும் தாழ்ந்த ஒலிகள்; ‘ஸ்’ மிக உயர்ந்தது. எந்த நாளில் எதற்குக் கொட்டை விழவில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பரிசோதனைக்கு அந்த நோட்டைக் கொண்டுவந்தால், நாங்கள் அரை மணி நேரத்தில் பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லும். ‘ஸ்’ஸுக்குத் தொடர்ந்து விழவில்லையென்றால் தேதி வரும் வரை காத்திராமல் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

வேறு மரபணு என்று அறிக்கை வந்தவர்களுக்கும் அந்த அறிக்கை வீண் போவதில்லை. எஸ்எல்சி26ஏ4 என்று வந்தால் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தைராய்டையும் சோதிக்க வேண்டும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் என்று வந்தால், ஜென்டாமைசின் வகை ஊசிகளைத் தாய்வழி உறவினர் எவரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சீட்டு எழுதி வாங்க வேண்டும். முதுமையாலோ இரைச்சலாலோ காது மந்தமானவர்களுக்கு இந்தச் சிகிச்சை தொடர்புடையதன்று. அவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல காது மெஷினே போதும்.

ஓடிஓஎஃப் உறுதியான குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் காது கேளாமை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு ஒவ்வொரு கருத்தரிப்பிலும் உண்டு. அடுத்த பிரசவம் எந்த மருத்துவமனையில் நடந்தாலும், குழந்தை வீட்டுக்கு வருமுன் ஓஏஇயோடு நிறுத்தாமல் பெராவும் செய்யச் சொல்லுங்கள். மூத்த குழந்தையின் அறிக்கையின் நகலைப் பிரசவ ஃபைலின் முதல் தாளாக வைத்துவிட்டால், பணிமாற்றத்தில் யார் வந்தாலும் அது கண்ணில் படும்.